சூசைமுத்து கொடுத்த ஸ்ட்ரெச்சர்

சைக்கிள் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததை போலீஸ் ஸ்டேஷன் வராண்டாவில் இறக்கி வைத்துவிட்டு, சூசைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இரண்டு நீள இரும்புக் குழாய், நடுவில் இழுத்துத் தைத்த பச்சைப் படுதா, நெஞ்சுக்கு ஒன்றும் முழங்காலுக்கு ஒன்றுமாக இரண்டு வார். பிடிக்கிற இடத்தில் கை வழுக்காமல் இருக்க சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது. மேலே மடித்த கறுப்புக் கம்பளி ஒன்று. ஏட்டு பெரியதம்பி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே அதைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது?"

"ஸ்ட்ரெச்சர் சார். ஸ்டேஷனுக்குக் குடுக்கலாம்னு."

"யாரு குடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நானே பண்ணேன்."

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், லாரிகள் ஓயாமல் போய்வரும் ரோட்டோரம் இருந்தது அந்த ஸ்டேஷன். பெரியதம்பி அங்கே ரைட்டர், கேஸ் எழுதுகிற ஏட்டு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: போலீஸுக்கு எவனும் சும்மா எதையும் கொடுக்க மாட்டான். சோழியன் குடுமி சும்மா ஆடாது. ஸ்டேஷன் சுவரில் ஓடுகிற கடிகாரம் ரைஸ் மில்காரர் கொடுத்தது. அவருடைய மச்சான் ஒரு அடிதடி கேஸில் இருந்தான். பெஞ்சு கொடுத்தவர் டூரிங் டாக்கீஸ் முதலாளி. ட்யூப்லைட் கொடுத்த கமிஷன் மண்டிக்காரர் தன் பெயர், தகப்பனார் பெயர், கடை இருக்கும் தெரு வரைக்கும் அந்தக் குழல் மேலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டதால், வருகிற வெளிச்சம் பாதி அவர் குடும்பத்தைக் காட்டவே சரியாக இருந்தது. அதெல்லாம் நியாயம். கொடுக்கிறவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு பெயர் இருக்கிறது. வாங்குகிறவனுக்கும் மனசில் குழப்பம் கிடையாது.

பெரியதம்பி ஸ்ட்ரெச்சரைச் சுற்றி வந்தார். குழாயைக் குனிந்து பார்த்தார். படுதாவைத் திருப்பிப் பார்த்தார்.

"பேர எங்க எழுதினே?"

"பேரு வேணாம் சார்."

அந்த இடத்தில்தான் அவருக்குச் சந்தேகம் விழுந்தது. உபயம் என்று போடாமல் கோயிலுக்குக்கூட ஒரு குத்துவிளக்கு வராத ஊர் இது.

"வேணாமா? ஏன் வேணாம்?"

"சும்மாதான் சார். ரோட்ல அடிபடறவங்கள கையக் கால புடிச்சு இழுத்துக்கினு போறாங்க. பாக்க முடியல. அதான்." சொல்லிவிட்டு ஒரு கும்பிடு போட்டு, காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

பாராக் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் முத்துசாமிக்கு எதுவும் விளையாட்டுதான். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறி மல்லாந்து படுத்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெளியே தொங்கின.

"ஏட்டையா, இது ஆளுக்குப் பண்ணதா, ஆட்டுக்குட்டிக்குப் பண்ணதா?"

"எந்திரிடா கழுத" என்றார் பெரியதம்பி. ஆனால் அதையும் மனசில் குறித்துக்கொண்டார். ஒரு வெல்டிங் பட்டறைக்காரன். அளவெடுக்கத் தெரிந்தவன். அவன் எதற்காக ஒன்றரை அடி குறைத்துச் செய்வான்?

இவ்வளவு சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருந்தது. எஸ்.ஐ. பிரமோஷன் லிஸ்டில் அந்த வருஷம் அவர் பெயர் வந்திருந்தது. அடுத்த மாதம் கடலூரில் பெரிய அதிகாரிகள் முன்னால் போய் நிற்க வேண்டும். தோளில் ஸ்டார் ஏறுவதற்கும் ஏட்டாகவே ரிட்டையர் ஆவதற்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு மாதம். போன வருஷம் பக்கத்து சரகத்து ஏட்டு ஒருவர், சாராயம் காய்ச்சுகிறவன் கொடுத்த டேபிள் ஃபேனை வாங்கி வைத்ததற்காக சஸ்பெண்ட் ஆனார். ஒரு ஃபேன். காற்றுக்கூட சரியாக வராத ஃபேன். எவனோ தன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்று பெரியதம்பிக்குப் பட்டது. இல்லையென்றால், பட்டறைக்காரன் ஏதோ தப்பைப் பண்ணிவிட்டு முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடிக்கிறான்.

இரண்டாவதுதான் பொருத்தமாக இருந்தது. ராத்திரி எவனையாவது அடித்துப் போட்டுவிட்டு வரும் லாரிக்காரன், விடிகிறதற்குள் பம்பரை நிமிர்த்த வேறு எங்கே போவான்? சூசைமுத்து பட்டறை போட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் புதுச்சேரிப் பக்கம் எங்கோ வேலை பார்த்தானாம். ஒண்டி ஆள். அங்கே நல்லபடியாக இருந்தவன் இந்தப் பொட்டல் ரோட்டுக்கு எதற்கு வந்தான்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். குறுகுறுத்துத்தான் ஸ்ட்ரெச்சர் செய்திருக்கிறான்.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். ஸ்டேஷனிலிருந்து ஒரு ஃபர்லாங் தூரம். சூசைமுத்து மாட்டு வண்டி அச்சு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். பெரியதம்பி பழைய இரும்புக் குவியலைக் காலால் தள்ளிப் பார்த்தார். மட்கார்டு, உடைந்த கலப்பை, பம்பர் ஒன்று. பம்பரைத் தூக்கி வெயிலில் திருப்பினார். துருதான் இருந்தது.

"இந்தப் பக்கம் அடிபட்ட லாரி எதுனா ரிப்பேருக்கு வருமா?"

"எனக்கு லாரி வேல வராதுங்க சார். ஏரு, வண்டி, கேட்டு, அவ்ளோதான்."

"அப்ப ரோட்ல அடிபடறவனப் பத்தி உனக்கு இன்னா அவ்ளோ அக்கற?"

சூசைமுத்து வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினான். கண் இரண்டும் சிவந்திருந்தன. அது வேலைச் சிவப்புதான் என்று பெரியதம்பி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றான்.

ஒன்றும் இல்லை என்று சொல்கிறவனிடம்தான் எல்லாம் இருக்கும். பெரியதம்பி திரும்பி வந்து பழைய கேஸ் கட்டுகளை அவிழ்த்தார். மோதிவிட்டு நிற்காமல் போன, வண்டி இன்னதென்று தெரியாமலே மூடிய கேஸ்கள். வருஷத்துக்கு ஐம்பது சாவு பார்க்கிற ரோடு அது. அதில் பத்துப் பன்னிரண்டு இந்த ரகம். எண்பத்தாறாம் வருஷத்திலிருந்து பின்னால் போய்க்கொண்டே இருந்தார். சூசைமுத்துவை எந்தக் கேஸோடு முடிச்சுப் போடலாம் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். எண்பத்து மூன்றில், நாலாவது கட்டில், கை நின்றது.

இறந்தவர்: பாக்கியமேரி, வயது இருபத்தாறு. கணவர் பெயர்: சூசைமுத்து, வெல்டர்.

கையெழுத்து அவருடையது. கீழே அவரே எழுதிய வரி: 'நாங்கள் சென்று பார்த்தபோது மேற்படி பெண்மணியின் உயிர் சம்பவ இடத்திலேயே பிரிந்திருந்தது.'

பெரியதம்பி எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். மறந்திருந்தார் என்பதுதான் அவருக்கு முதலில் அதிர்ச்சி. மாசி மாதம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்குகிற சமயம். அனந்தபுரம் பக்கத்திலிருந்து வந்து இறங்கி, புருஷன் வேலை பார்க்கும் ஊருக்கு பஸ் பிடிக்க ரோட்டைக் கடந்தவளை லாரி தட்டிவிட்டுப் போயிருந்தது. அவள் விழுந்து கிடந்தது சரியாக எல்லைக்கல் பக்கத்தில். தலை அடுத்த ஸ்டேஷன் எல்லையில், கால் இவர்கள் எல்லையில். கேஸை யார் எடுப்பது என்று அந்த ஸ்டேஷன் ஏட்டுக்கும் இவருக்கும் வாக்குவாதம். வருஷக் கணக்கில் விபத்து கூடினால் மேலே பதில் சொல்ல வேண்டும், அதனால் இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். கல்லை வைத்து அடி போட்டு அளந்தார்கள். அவள் முனகிக்கொண்டிருந்தாள். கடைசியில் இவர் தலையில் விழுந்தது. மல்லாட்டை மூட்டை ஏற்றிய ட்ராக்டர் ஒன்றை நிறுத்தி, இரண்டு பேர் கையைப் பிடிக்க, இரண்டு பேர் காலைப் பிடிக்க, மூட்டைக்கு மேல் தூக்கிப் போட்டார்கள். கால் பிடித்தவர்களில் ஒருவர் பெரியதம்பி. பாதி வழியில் முனகல் நின்றது.

போகிற வழியில் இறந்தாள் என்று எழுதினால், அதுவரை என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அதனால் ஸ்பாட்டிலேயே என்று எழுதினார். ஆஸ்பத்திரி வாசலில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுத அவள் புருஷனிடமும் அதையே சொன்னார். "ஒண்ணும் கஷ்டப்படலப்பா, அந்த எடத்துலயே போயிடுச்சு." அதைச் சொன்னபோது தான் ஒரு நல்ல காரியம் செய்ததாகக்கூட அவருக்கு இருந்தது.

இப்போது சந்தேகம் முகம் மாறி வந்து நின்றது. அப்படியானால் அவன் தெரிந்தேதான் இங்கே வந்து பட்டறை போட்டிருக்கிறான். தெரிந்தேதான் கொண்டுவந்து கண் முன்னால் வைத்திருக்கிறான். கடலூருக்குப் போகிற சமயம் பார்த்து ஒரு மொட்டை பெட்டிஷன் போட்டால் போதும், ஸ்டாரும் போய்விடும், சட்டையும் போய்விடும். அன்று முழுக்க எழுத்து வேலை ஓடவில்லை. வராண்டாவில் கிடந்த அந்தப் பச்சைப் படுதாவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கால் தானாக விலகியது. முதலில் அதை இங்கேயிருந்து அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்து, முத்துசாமியை விட்டு சூசைமுத்துவைக் கூட்டிவரச் சொன்னார்.

சூசைமுத்து வந்து வராண்டாவில் நின்றான். பெரியதம்பி முத்துசாமியை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"இது நீளம் பத்தலய்யா. எடுத்துக்கினு போயிடு."

"நீட்டிக் கொண்டாறேன் சார்."

"வேணாம். எடுத்துக்கினு போ, அவ்ளோதான்."

சூசைமுத்து போகவில்லை. ஸ்ட்ரெச்சரைப் பார்த்துக்கொண்டே நின்றான். "மூணாம் நாளே தெரியும் சார்" என்றான்.

"இன்னா தெரியும்?"

"மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்த பொம்பளைங்க சொன்னாங்க. ஒரு மணி நேரம் உசுரு இருந்திச்சாம். தண்ணி கேட்டாளாம்."

பெரியதம்பி கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று வருஷமாக இதை மடியில் கட்டிக்கொண்டு, ஒரு வருஷமாக இந்த ஆள் ஒரு ஃபர்லாங் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

"அப்ப ஏன்யா யார்கிட்டயும் சொல்லல? இப்ப இன்னாத்துக்கு வந்து நிக்கறே? இன்னா வேணும் உனக்கு, சொல்லிடு."

"ஒண்ணும் வேணாம் சார். முதுகெலும்பு முறிஞ்சவங்கள நேரா படுக்க வெச்சுத் தூக்கணும்னு அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஒரு பலகயாச்சும் இருந்திருக்கணும்னாங்க. அது மனசுலயே நின்னுக்கினு இருக்கு."

"பேரு வேணாம்னியே?"

"பேரு போட்டா நீங்க படிச்சிடுவீங்க சார். நெனப்பு வந்துடும். அப்பறம் இத வெளிய எடுக்க மாட்டீங்க." தரையைப் பார்த்துச் சொன்னான். "நீளம் பத்தலன்றது நெசந்தான். டேப்பு வெச்சு அளக்கல. கையாலயே அளந்து வெட்டிட்டேன். எனக்கு அவ அளவு ஒண்ணுதான் சார் தெரியும்."

பெரியதம்பிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இவ்வளவு அடங்கிப் பேசுகிறவனை நம்பலாமா என்று உள்ளே இருந்த போலீஸ்காரன் அப்போதும் கேட்டுக்கொண்டேதான் இருந்தான்.

சூசைமுத்து கம்பளியை நீளவாக்கில் படுதா மேல் போட்டு, காற்றில் போகாமல் வார் இரண்டையும் இழுத்துக் கட்டினான். ஒரு பக்கத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளக் குனிந்தான். இப்படியே இதைச் சுமந்துகொண்டு ரோட்டில் போனால் நாலு பேர் கேட்பார்கள், அந்த நாலு பேருக்கும் இவன் என்ன பதில் சொல்வானோ என்று ஓடியது பெரியதம்பியின் புத்தி. கூடவே போவதுதான் நல்லது.

"நில்லு" என்று சொல்லி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கால் பக்கத்துப் பிடியைப் பிடித்தார்.

இரண்டு பேரும் ரோட்டோரமாக நடந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. சூசைமுத்து முன்னால், பெரியதம்பி பின்னால். பத்தடி போவதற்குள், முன்னால் இருந்தவன் திரும்பாமலே, "நேரா புடிங்க சார், கால் பக்கம் தாழுது" என்றான். அவர் முழங்கையை மடித்து உயர்த்தினார். இவ்வளவு லேசான ஒன்றைத் தூக்க இவ்வளவு கை வலிக்குமா என்று இருந்தது.

புளியமரத்து ஸ்டாப்பில் விழுப்புரம் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. போலீஸ்காரர் ஸ்ட்ரெச்சர் தூக்கி வருவதைக் கண்டதும் ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. கட்டிய வாருக்குள் கறுப்புக் கம்பளி தெரிந்தது, உள்ளே ஆள் இல்லாதது தெரிந்திருக்காது. மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி கழுத்தை வெளியே நீட்டினாள்.

"ஐயோ, யாரு பெத்ததோ! ஏட்டையா, உசுரு இருக்குதாங்க?"

காலி ஸ்ட்ரெச்சர்ம்மா என்று சொல்ல ஒரு நொடி போதும். பெரியதம்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் போகிற முதுகைப் பார்த்தார்.

"இருந்திச்சும்மா" என்றார். பஸ் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று இன்னும் உரக்கச் சொன்னார். "ஒரு மணி நேரம் இருந்திச்சு."

அவள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் ஊதினார். முன்னால் சூசைமுத்துவின் கால்கள் நின்றுவிட்டன. அவன் திரும்பவில்லை. கேட்டானா, கேட்கவில்லையா, கேட்டிருந்தால் இனி என்ன செய்வான் என்று அந்த முதுகிலிருந்து எதுவும் தெரியவில்லை. பஸ் கிளப்பிய புழுதி இருவரையும் மூடிவிட்டு மெல்ல இறங்கியது. சூசைமுத்து மறுபடி நடக்கத் தொடங்கியபோது, கம்பளி ஒரு பக்கமாகச் சரியப் பார்த்தது. பெரியதம்பி இரண்டு கையாலும் தன் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, அது அசையாதபடி பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.