ஒத்திகை நாளில் ஒரு கள்ளப் பயணி

அன்று விமான நிலையத்தின் புதிய கட்டடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுப் பெரியவர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகனான பல் மருத்துவன், பெரியவரின் தங்கை, சம்பந்தி. மருமகள் அங்கே வேலையில் இருந்தாள். இந்த ஆறு பேரைத் தவிர, தானும் கூட நின்று கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் உறவினர் எவரும் அன்று அங்கே இல்லை. சம்பந்தியம்மாள்கூட முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவர்கள் ஊருக்குப் போகவும் இல்லை, யாரையும் வழியனுப்பவும் இல்லை. ஒத்திகைக்குப் போயிருந்தார்கள்.

பெரியவருக்கு அந்த விமான நிலையத்தை அது ஒற்றைக் கூடமாக இருந்த நாளிலிருந்தே தெரியும். பெட்டிகள் வர ஒரே ஒரு பெல்ட். அது ஓடுவதைவிட நிற்பதே அதிகம். பிறகு இரண்டாவது கட்டடம் வந்தது. வந்த வேகத்தில் அதுவும் நிரம்பி, வரிசை வாசலைத் தாண்டிக் கார்கள் நிற்கும் இடம்வரை வளைந்தது. இப்போது மூன்றாவது. முதல் இரண்டையும் தூக்கி உள்ளே வைத்தாலும் மிச்சம் இடம் இருக்கும் அளவுக்குப் பெரியது. அதைத் திறப்பதற்கு முன் பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் வந்து பயணிகள் போல நடித்துக் காட்ட வேண்டும், எங்கே சிக்குகிறது என்று பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் ஏற்பாடு செய்திருந்தது. ஊழியர்களின் வீட்டாரும் வரலாம்.

மருமகள்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். விமானம் ஏறும் வாயில்களில் ஒன்றுக்கு அவளைப் புதிதாக மேற்பார்வையாளராகப் போட்டிருந்தார்கள்.

"எங்களுக்குத் தெரியாம சில பேரைத் தப்பான டிக்கெட்டோட அனுப்புவாங்க மாமா," என்று முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னாள். "ஒரு ஆள் தப்பி உள்ள போயிட்டாலும் அந்த கேட் டீமையே மாத்திடுவாங்க. நான் மறுபடி பழைய கட்டடத்துல பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டத்தான் போகணும்."

"நீ ஏன் கவலைப்படற? உன் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா," என்றார் பெரியவர்.

அவர் முப்பது ஆண்டுகள் பஸ்களில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவர். நேர்மை விஷயத்தில் அவருக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. முதுகும் அப்படித்தான்.

புதிய கட்டடத்தின் வாசலில் மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் ஒவ்வொருவருக்கும் ஓர் உறை கொடுத்தாள். அன்று யார் என்ன வேஷம் என்று அதில் எழுதியிருந்தது. முதலில் உறையைப் பிரித்த வீட்டார் நால்வரும் கடல் தாண்டிப் போகும் ஒரே விமானத்தின் பயணிகள். மகன் கைப்பையை எங்கேயாவது மறந்து வைத்துவிட்டுத் தேடுபவன். தங்கை கடைசி நிமிடத்தில் வந்து கூடம் முழுக்க ஓடி வாயிலை அடைய வேண்டியவள். "வீட்ல மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது, என்னைப் போய் ஓடச் சொல்றாங்களே," என்று அவள் சொன்னாலும், செருப்பு வாரை இறுக்கிக்கொள்வதில் ஆர்வம் தெரிந்தது. பெரியவரின் மனைவிக்கு, எந்த மொழியும் தெரியாத வெளிநாட்டுப் பயணி வேஷம். யார் என்ன கேட்டாலும் புரியாதது போல விழிக்க வேண்டும்.

"உங்க அம்மாவுக்கு ஒத்திகையே வேணாம். நான் பேசும்போது பல வருஷமா அப்படித்தான் நிக்கறா," என்று பெரியவர் மகனிடம் சொன்னார். மனைவி அப்போதே புரியாதது போல விழித்தாள்.

சம்பந்திக்கு முதல் வகுப்புப் பயணி வேஷம். மரச்சாமான் கடை வைத்திருக்கும் மனிதர். சீட்டைப் படித்ததும் தோள் இரண்டு விரல் அகலம் கூடிவிட்டது.

"எனக்குத் தனி அறையாம் சம்பந்தி. சோபா, பழச்சாறு, பத்திரிகை. ஆளைப் பாத்துதான் குடுக்கறாங்க போல. உங்களுக்கு என்ன?"

பெரியவர் தன் உறையைப் பிரித்தார். உள்ளே இரண்டு போர்டிங் பாஸ்கள். ஒன்று அவர் பெயரில், பக்கத்து நாட்டுக்கு. மற்றது முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பெயரில், வீட்டார் போகும் அதே விமானத்துக்கு. கூடவே குறிப்பு: 'சோதனைகளை உங்கள் பாஸில் கடந்து செல்லுங்கள். ஏறும் வாயிலில் மற்றவர் பாஸைக் காட்டி ஏறிவிட முயலுங்கள். பிடிபடும் வரை விட்டுக்கொடுக்க வேண்டாம். யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

"சாதாரணப் பயணிதான்," என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு நேரே மஞ்சள் மேலங்கிப் பெண்ணிடம் போனார்.

"அம்மா, இத மாத்திக் குடுங்க. டிக்கெட் இல்லாம ஏறினவங்களைப் பஸ்ஸை விட்டு இறக்கி விட்டவன் நான். என்கிட்டயே இந்த வேலையைக் குடுக்கறீங்க."

"அதனாலதான் ஐயா. உங்களப் பாத்தா யாருக்குமே சந்தேகம் வராது."

இது புகழ்ச்சியா, வசவா என்று பெரியவருக்குப் பிடிபடவில்லை.

"வேணாம்னா சொல்லுங்க. பின்னாடி நிக்கறவருக்குக் குடுத்துடறேன்."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர் நகத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். அவரை அனுப்பினால் நடை பழகும் குழந்தைகூடப் பிடித்துவிடும். அது சோதனையே ஆகாது. ஒரு வேலை நடந்தால் ஒழுங்காக நடக்க வேண்டும். பெரியவர் உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

உள்ளே எல்லாமே புதிது. தரை விரிப்பின் மேல் பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்காமல் இருந்தது. சுவரில் பெயிண்ட் வாசனை. கூரை முழுக்கக் கண்ணாடி. வெயில் உள்ளே இறங்கிக் கடைகளின் பாதி திறந்த ஷட்டர்கள் மேல் விழுந்தது. இல்லாத விமானங்கள் இல்லாத ஊர்களிலிருந்து வந்து சேர்ந்ததாக ஒலிபெருக்கி அறிவித்துக்கொண்டே இருந்தது. மணல் நிரப்பிய பெட்டிகள் பெல்ட்டில் சுற்றிச் சுற்றி வந்தன. நடக்கும் தரை ஒன்று இருந்தது. ஏறி நின்றால் அதுவே கொண்டுபோய் விடும். பெரியவர் அதன் பக்கத்தில் தன் காலால் நடந்தார். தரை ஜெயித்தது.

நடுவே, எல்லாக் கழிவறைகளிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் திறந்துவிட்டுப் பார்க்கப்போவதாக அறிவிப்பு வந்தது. உள்ளே கை கழுவிக்கொண்டிருந்த மகன் முழங்கை வரை நனைந்து வெளியே வந்தான். அந்தக் குழப்பத்தில் கைப்பையை உண்மையிலேயே எங்கோ வைத்துவிட்டான்.

"நடிக்கவே வேண்டாம் போலிருக்கு அப்பா," என்று சொல்லிவிட்டுத் தேடப் போனான்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் முதல் வகுப்பு அறையில் சம்பந்தி சோபாவின் கைப்பிடியை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரைக் கண்டதும், "உள்ள பிளைவுட்தான்," என்று உதட்டசைத்தார்.

வாயிலை நெருங்கியபோதுதான் பெரியவர் பார்த்தார். அங்கே நீலக் கோட்டு போட்டு, தலையை இறுக்கி வாரி நின்றது அவருடைய மருமகள்.

அவர் ஒரு தூணின் ஓரம் ஒதுங்கினார். உள்ளே போய்விட்டால் வீட்டு மருமகளின் வேலைக்கு உலை வைத்தவர் அவர்தான். சரி, திருதிருவென்று விழித்து வேண்டுமென்றே மாட்டிக்கொள்ளலாம் என்றால், அது அவளுக்குப் பிச்சை போடுவது. திரும்பிப் போய் மஞ்சள் மேலங்கிப் பெண்ணிடம், 'அது எங்கள் வீட்டுப் பெண், என்னை மாற்று' என்று சொன்னால், மாமனார் தயவில் தப்பித்தாள் என்று நாளைக்கு நாலு பேர் சொல்வார்கள். எதுவும் இந்தக் குடும்பத்துக்கு அடுக்காது. அவள் ஜெயித்தால் அவளாகவே ஜெயிக்க வேண்டும். அதற்கு இவர் மனமாரத் திருட வேண்டும்.

தன் காலத்தில் பிடித்த ஆட்களை யோசித்துப் பார்த்தார். நடுங்கியவன் எல்லாம் கத்துக்குட்டி. கைதேர்ந்தவன் நெஞ்சை நிமிர்த்தி வருவான், கேட்டால் கோபப்படுவான். பெரியவர் நெஞ்சை நிமிர்த்தினார். அதற்குத் தனியாக முயற்சி எதுவும் தேவைப்படவில்லை.

வரிசையில் அவருக்குப் பின்னால் மனைவியும், பழச்சாறு குடித்து முடித்த சம்பந்தியும் வந்து சேர்ந்தார்கள்.

"வாங்க மாமா," என்றாள் மருமகள். முகம் மலர்ந்தது. "போர்டிங் பாஸ் குடுங்க."

கொடுத்தார். இயந்திரம் பச்சை விளக்குக் காட்டியது.

"அடையாள அட்டை மாமா."

"என்னம்மா இது? என்கிட்டயா?"

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்."

"எல்லாரும் நானும் ஒண்ணா? தினம் காலையில என் முகத்துலதான் முழிக்கற. அதுக்கு மேல என்ன அடையாளம் வேணும் உனக்கு?"

பக்கத்தில் நின்ற உதவியாளன் மெல்ல, "மேடம், உங்க மாமனார்தானே, விட்டுடலாமே. லைன் நிக்குது," என்றான்.

சம்பந்திக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, மரியாதைன்னு ஒண்ணு உனக்கு நாங்க சொல்லிக் குடுக்கலையா? இத்தனை பேர் முன்னாடி மாமனாரை நிக்க வச்சுக் கேள்வி கேக்கற. எனக்குத் தலை குனிவா இருக்கு."

"அப்பா, நீங்க லைன்ல நில்லுங்க."

அந்த நேரம் பார்த்துத் தங்கை ஓடி வந்து சேர்ந்தாள். மூச்சு இரைத்தது, முகமெல்லாம் வெற்றி. "நான் வந்துட்டேன். கதவை மூடிடலையே? என்ன அண்ணா, என்ன தகராறு?"

"ஒண்ணுமில்ல. இவளுக்கு நான் யாருன்னு தெரியலையாம்."

"நல்லா இருக்கே கதை. கோட்டு போட்டதும் மாமனார் மறந்து போச்சா?"

எல்லோரும் பெரியவரின் மனைவியைப் பார்த்தார்கள். அவள் ஒருத்தி சொன்னால் மருமகள் கேட்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, மொழி தெரியாதவளாகத் தலையை இரு பக்கமும் ஆட்டினாள்.

மருமகள் கையில் இருந்த பாஸைப் படித்தாள். மறுபடி படித்தாள். 'பிடி, விட்டுவிடாதே' என்று பெரியவரின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் குறிப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று இருந்தது. அவர் தன்னிடம் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தார். அந்த வீட்டில் அதை எதிர்த்து நின்றவர் கிடையாது.

"நான் உள்ள போறேன். மத்ததெல்லாம் வீட்ல பேசிக்கலாம்," என்று கனத்த குரலில் சொல்லிவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தார்.

மருமகள் வழியை மறித்துக் கையை நீட்டினாள்.

"வீட்ல பேசிக்கலாம் மாமா. இப்ப இப்படி ஓரமா வாங்க. இது உங்க பாஸ் இல்ல."

நீட்டிய கை அப்படியே இருந்தது.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். காவலர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் முழங்கையைப் பிடிக்கப் போனார்.

"தொட வேண்டாம். நானே வரேன்," என்றார் பெரியவர். அவர் அந்தக் கூடத்தில் நடந்த நடை, பிடிபட்டவன் நடை அல்ல. பரிசு வாங்கப் போகிறவர் நடை.

பக்கத்து அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். சற்றைக்கெல்லாம் மஞ்சள் மேலங்கிப் பெண் ஓடி வந்தாள்.

"ஐயா, பிரமாதம். உங்க பின்னாடி நகம் கடிச்சுக்கிட்டு நின்னாரே ஒருத்தர், அவருக்கும் இதே வேஷம்தான். பக்கத்து கேட்ல உள்ள போய் ஜன்னலோரமா உக்காந்து பெல்ட்டே போட்டுட்டார். அந்த டீமுக்கு மறுபடி ஒத்திகை. இந்த கேட் பாஸாயிடுச்சு."

பெரியவர் தலையசைத்தார். ஆளைப் பார்த்து எடை போட்டது தவறாகிவிட்டதே என்று ஒரு கணம் தோன்றியது. காபி நன்றாக இருந்தது.

அவள் போனதும் மருமகள் வந்தாள். கண் கலங்கியிருந்தது. "மாமா, எல்லார் முன்னாடியும் அப்படி... மன்னிச்சிடுங்க."

"மன்னிப்புக் கேட்டா நீ செஞ்சது தப்புன்னு ஆயிடும். முதல்ல உக்காரு." அவள் உட்கார்ந்ததும், கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கேட்டார். "எப்ப சந்தேகம் வந்துது?"

"அட்டையை எடுக்க மாட்டேன்னீங்களே, அப்பதான். நீங்க தெருமுனைக் கடைக்குக்கூட அட்டை இல்லாம போக மாட்டீங்க."

"அப்ப என் நடிப்பு?"

"வீட்ல பேசிக்கலாம்னீங்க பாருங்க, அங்க ஒரு நிமிஷம் விட்டுடலாமான்னு தோணிடுச்சு மாமா."

பெரியவருக்கு மிகுந்த திருப்தி.

விஷயம் தெரிந்து மற்றவர்களும் உள்ளே வந்தார்கள். சம்பந்திதான் முதலில். "பாத்தீங்களா சம்பந்தி? அசைஞ்சு குடுத்தாளா? எங்க வீட்டு வளர்ப்பு."

"கொஞ்ச நேரம் முன்னாடி தலை குனிவுன்னு ஏதோ காதுல விழுந்ததே."

"அது முதல் வகுப்புப் பயணியா பேசினது."

"வளர்ப்பு உங்களோடதா இருக்கலாம். என்னை மறிக்கற தைரியம் எங்க வீட்டுக்கு வந்த பிறகு வந்தது," என்றார் பெரியவர். இருவரும் இதை வாகனம் நிற்கும் இடம்வரை விவாதித்தார்கள். நடக்கும் தரையில் ஏறியதைக்கூடப் பெரியவர் கவனிக்கவில்லை. மகன் கிடைத்த கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

காரில் பெரியவர் மனைவி பக்கம் திரும்பினார். "அத்தனை பேர் பாத்தாங்க. எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"என் சீட்டுல அப்படித்தானே போட்டிருந்தது," என்றாள் அவள்.

புதிய கட்டடம் சொன்ன தேதியில் திறந்தது. மருமகள் அதே வாயிலில் நிற்கிறாள்; இப்போது அவள் பொறுப்பில் பக்கத்து வாயிலும் சேர்ந்திருக்கிறது. உண்மையான பயணிகள் வருகிறார்கள், போகிறார்கள், கண்ணாடிக் கூரையைப் படம் பிடிக்கிறார்கள்.

மருமகள் மாமனாரைப் போலீசில் பிடித்துக் கொடுத்தாள், அன்றோடு அந்த வீட்டில் பேச்சு நின்றது, மகன் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டான் என்று உறவுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. போலீஸ் வரவில்லை. வந்தவர்கள் விமான நிலையக் காவலர்கள். வீட்டில் பேச்சு முன்பைவிட அதிகமாகத்தான் இருக்கிறது. வண்டியில் ஏற்றியது பல் மருத்துவமனையின் நாற்காலியை. அதை அடுத்த தெருவுக்கு மாற்றினான். பழைய இடத்தில் கூரை ஒழுகியது.