முப்பது நாள் மறக்காத படலம்

ஆய்வகத்தில் அவனுக்குச் சாமியார் என்று பெயர். மனைவி இறந்துபோன எட்டு மாதத்தில் அவன் சம்பாதித்த ஒரே பட்டம் அதுதான். முனைவர் பட்டம் இன்னும் இழுபறியில் கிடந்தது.

அதற்கு அவன் நம்பியிருந்தது நகத்தைவிடச் சிறிய ஒரு நீலப் படலத்தை. எலக்ட்ரானும் அயனியும் சேர்ந்து ஓடும் பாலிமர்; மேலே ஒரு சொட்டு உப்புக் கூழ். மின்துடிப்பு கொடுத்து எழுதினால் அயனிகள் படலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்திருக்கும்வரை நினைவு, எழுந்து போனால் மறதி. மூளையில் இரண்டு நரம்புகள் சந்திக்கும் இடம் செய்கிற வேலை. மற்றவர்களின் படலங்கள் மாலைக்குள் மறந்தன. இவனுடையது முப்பது நாளாக அசையவில்லை. திங்கட்கிழமை இதைப் பற்றிய கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிடுவதாக ஆய்வகத் தலைவர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம், கருவிகளைப் பராமரிக்கும் அக்கா அவன் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன மந்திரம் போட்ட சாமியாரே?"

"ஒண்ணும் இல்லக்கா. எழுதினேன், விட்டுட்டேன்."

"நடுவுல தொடவே இல்லையா?"

"தொடல. சும்மா, இன்னும் ஞாபகம் இருக்கான்னு படிச்சுப் பார்த்தேன்."

"எத்தனை தடவ?"

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ. வீட்டுல இருந்தும் பார்க்க வழி வச்சிருக்கேன்."

எத்தனை வோல்ட் கொடுத்துப் படிக்கிறான் என்று கேட்டாள். சொன்னான். அக்கா தலையில் கை வைத்தாள்.

"அடப்பாவி, அவ்வளவு கொடுத்தா அது படிக்கிறது இல்ல, எழுதுறது! மறந்துட்டியா மறந்துட்டியான்னு கேட்டுக் கேட்டே ஞாபகப்படுத்தியிருக்க!"

அவன் எம்.எஸ்சி.யில் தங்கப் பதக்கம் வாங்கியவன். பதக்கம் எடை குறைவாக இருந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கம்பியைக் கழற்றினான். திங்கள்வரை அந்தப் பக்கம் போவதில்லை என்று வீட்டில் உட்கார்ந்தான். சனிக்கிழமை மாமியார் போன் செய்தாள்.

"வேலைக்குப் போகலையா மாப்பிள்ளை?"

"இல்லத்தை. மறக்குதான்னு பார்க்கணும். அதான் பக்கத்துலயே போகல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"படலம் அத்தை! ஆய்வகத்துல இருக்கிற படலம்!"

"எதையாவது சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஒரே ஒரு முறை படித்தான். படலம் சுத்தமாக மறந்திருந்தது. முப்பது நாள் நினைவு முழுக்க அவனுடைய அரிப்பு. நேராகத் தலைவர் அறைக்குப் போனான்.

"அனுப்பாதீங்க சார். அது ஞாபகம் வச்சிருக்கல. நான்தான் எழுதிக்கிட்டே இருந்திருக்கேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லாம இருந்திருந்தா இந்த வருஷமே பட்டம் வாங்கியிருப்ப."

"ஆமா சார்."

"இனிமே எப்படிப் பார்க்கப் போற?"

"நிறையப் படலம் செய்றேன். ஒரு மணி நேரம் கழிச்சு ஒண்ணு, ரெண்டு மணி கழிச்சு இன்னொண்ணு. ஒவ்வொண்ணையும் ஒரே தடவதான் படிப்பேன். படிச்சதும் குப்பை."

"எத்தனை?"

"அறுபது."

"இன்னும் ஒரு வருஷம் ஆகும்டா."

"எனக்கென்ன சார் அவசரம், சாமியார்தானே."

கையுறை மாட்டிக்கொண்டு கண்ணாடித் துண்டுகளை எண்ணிக் கழுவ ஆரம்பித்தான். பதினேழுக்குப் பிறகு எண்ணிக்கை மறந்துபோயிற்று. முதலிலிருந்து எண்ணினான்.