ஆறாம் மாடி, மூன்று பேர்

ஆறாம் மாடி வெல்கோ வீட்டார் லிஃப்டுக்குக் கட்ட வேண்டிய பாக்கி நாற்பத்து மூன்று லெவா, சில்லறை இருபது ஸ்தோதின்கி. ஆளுக்கு மாதம் இரண்டு லெவா நாற்பது, வீட்டில் மூன்று பேர், ஆறு மாதம். வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிக்கும்படி இந்தக் கணக்கை வாசல் கதவுக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார் கென்கோ. முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடப் பொறுப்பு கைக்கு வந்ததும் டிக்கெட்டில் ஓட்டை போடும் பழைய கருவியைத் தேடி எடுத்து எண்ணெய் விட்டார். அன்றிலிருந்து ஓட்டை இல்லாத ரசீது அந்தக் கட்டடத்தில் செல்லாது.

வெல்கோ கட்டமாட்டேன் என்று சொன்னதில்லை. ஊருக்கு வெளியே உள்ள சூளையில் செங்கல் ஏற்றுகிறவன். குளிர்காலம் தொட்டே அங்கே பாதிச் சம்பளந்தான் கைக்கு வந்தது. மீதி அடுத்த மாதம் என்பார்கள். அடுத்த மாதம் வரும், அதுவும் பாதியாக வரும். சூளை முதலாளி த்ராக்னெவுக்கும் இதே கட்டடத்தில் எட்டாம் மாடியில் வீடு இருந்தது. ஆனால் காகிதப்படி அவர் வேறு ஊரில் குடியிருந்தார். அதனால் பட்டியலில் எட்டாம் மாடிக்கு நேரே 'பூஜ்யம் பேர்' என்று எழுதியிருக்கும். அந்தப் பூஜ்யத்தைச் சுமந்துகொண்டு லிஃப்ட் தினமும் நாலு தடவை எட்டாம் மாடிக்குப் போய் வந்தது. யாராவது கேட்டால், காகிதத்தில் பூஜ்யம் என்றால் பூஜ்யந்தான் என்பார் கென்கோ.

ஜூன் மாதக் கூட்டத்தில் வெல்கோ எழுந்து நின்றான். பழைய பாக்கியைச் சம்பளம் வந்ததும் கட்டிவிடுவதாகவும், இனிமேல் தன் வீட்டார் மூவரும் லிஃப்டில் கால் வைப்பதில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். கென்கோ அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவி ஸ்லாத்காவிடம் அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அன்றைக்குப் படியேறும்போது மூன்றாம் மாடியில் நின்று அவள் மூச்சு வாங்கினாள்.

"கையெழுத்து உன்னுது. முழங்கால் என்னுது. அதையும் சேத்து எழுதிக் குடுத்துட்டியேய்யா."

மாடிக்குப் பதினெட்டுப் படி. ஆறு மாடிக்கு நூற்றெட்டு. கோவிலைச் சுற்றினாலாவது புண்ணியம் கிடைக்கும்.

செப்டம்பரில் மகள் நெவெனா வீட்டுச் சாவியைத் தொலைத்தாள். பதின்மூன்று வயது. பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது, பெட்டியில் இருக்கிறது என்று மூன்று நாள் ஓட்டிவிட்டு நாலாம் நாள் ஒப்புக்கொண்டாள். வெல்கோ அவளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினான். தப்புப் பண்ணினால் நான்தான் என்று சொல்லத் தெரிய வேண்டும், சொன்ன சொல்லில் நிற்க வேண்டும், அப்பாவைப் பார், ஒரு வரி எழுதிக் கொடுத்தேன், இந்த மூணு மாசத்தில் ஒரு நாளாவது லிஃப்டில் கால் வைத்தேனா என்று கேட்டான். புதுச் சாவிக்கான காசை அவள் சேமிப்பிலிருந்தே கொடுக்க வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை, கட்டடம் முழுக்க மிளகாய் சுடும் வாசம். எல்லா வீட்டுப் பால்கனியிலும் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். வெல்கோ சந்தையிலிருந்து இரண்டு சாக்கு மிளகாயோடு வந்தான். நாற்பது கிலோ. முந்தின நாள் ஏற்றிய செங்கல் இன்னும் அவன் இடுப்பில் இருந்தது. சாக்குகளைப் படியடியில் இறக்கி வைத்துவிட்டு மேலே பார்த்தான். கென்கோவின் வீட்டுக்குள் டிவியில் கால்பந்துச் சத்தம். லிஃப்ட் கீழேதான் நின்றது.

சாக்கு கையெழுத்துப் போடவில்லையே என்று முதலில் தோன்றியது. சாக்குகளை உள்ளே வைத்தான். ஆனால் பொத்தான் உள்ளே இருந்தது. அதை அமுக்க சாக்குக்குக் கையில்லை. தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அவனும் ஏறினான்.

நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

சிவப்பு மணிப் பொத்தானுக்குப் போன விரல் பாதியிலேயே திரும்பி வந்தது. சாக்கின்மேல் ஏறி நின்றால் ஐந்தாம் மாடிக் கதவின் ஒடுக்கமான கண்ணாடி வழியே தரை தெரிந்தது. போகிற வருகிற கால்களைச் செருப்பை வைத்தே யார் என்று சொல்ல முடிந்தது. ஒருவரையும் கூப்பிடவில்லை. இறங்கி உட்கார்ந்து ஒரு மிளகாயை எடுத்துக் கடித்தான்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து கதவை அறையும் சத்தம் கேட்டது. த்ராக்னெவ். ஒரு ஞானஸ்நானத்துக்கு அவர் போயாக வேண்டும், லிஃப்ட் வரவில்லை. கென்கோ வெளியே வந்தார், நாலைந்து பேர் கூடினார்கள். உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று கென்கோ கீழேயிருந்து கத்தினார். வெல்கோ வாயிலிருந்த மிளகாயை மெல்லாமல் வைத்துக்கொண்டான். காலியாகத்தான் இருக்கிறது என்று தீர்ப்பாயிற்று. மெக்கானிக்குக்குப் போன் போட்டால் அவன் எடுக்கவில்லை. சனிக்கிழமை வந்தால் இரட்டைக் கூலி கேட்பான், அதைத் தலைக்கு இவ்வளவு என்று எல்லார் கணக்கிலும் ஏற்ற வேண்டியதுதான் என்று கென்கோ சொன்னபோது யாரோ ஒரு பெண் முனகினாள்.

ஸ்லாத்காவின் குரலும் கேட்டது. அடுப்பு காய்ந்துகொண்டிருக்கிறது, மிளகாய் வாங்கப் போன மனுஷனைக் காணோம், யாராவது பார்த்தீர்களா என்றாள்.

"வந்தா படியிலதாம்மா வருவான்" என்றார் கென்கோ. "இந்தக் கட்டடத்துல சொன்ன சொல்லு மாறாத ஒரே ஆம்பள உன் புருஷன்தான்."

மிளகாய் தொண்டையில் சிக்கிக்கொண்டது. இருமலை அடக்கியதில் வெல்கோவின் கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்பாவைத் தேடிப் பார்த்துவிட்டு வா என்று நெவெனாவை அனுப்பினார்கள். ஐந்தாம் மாடியில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இரண்டு நின்றன. பிறகு முழங்கால்கள். பிறகு கண்ணாடியில் ஒரு கண்.

"அப்பா? நீ லிஃப்டுலயா இருக்க?"

"மெதுவா பேசு. மிளகாய ஏத்தி விடலாம்னுதான்."

"மிளகாயத்தான ஏத்தணும்? நீ எதுக்கு ஏறுன?"

"பொத்தான அமுக்க ஆள் வேணாமா?"

அவள் யோசித்தாள். அம்மாவிடம் சொல்லட்டுமா என்றாள். வேண்டாம் என்றான். கென்கோ தாத்தாவிடம்? வேண்டவே வேண்டாம். கூட்டம் கலைந்ததும் மெக்கானிக் வந்து திறப்பான், அப்போது ஆளில்லாத நேரம் பார்த்து இறங்கிவிடுவேன் என்று அவளுக்கு விளக்கினான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை.

"சாவி தொலைஞ்சப்ப நானும் இப்படித்தாம்பா நெனச்சேன்" என்றாள் நெவெனா. "ரெண்டு நாள் பொறுத்தா தானா கெடச்சிரும்னு."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நீ எப்போது சொல்லச் சொல்கிறாயோ அப்போது போய்ச் சொல்கிறேன், அதுவரை இங்கேயே இருக்கிறேன் என்றாள்.

வெல்கோ அவளுடைய ஷூவைப் பார்த்தான். கையில் இருந்த மிளகாய்க் காம்பைப் பார்த்தான். எழுந்து மணிப் பொத்தானை அமுக்கினான். பல வருடமாக யாரும் தொடாத மணி. ஆட்டை மிதித்தது மாதிரிக் கத்தியது.

கென்கோ மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறைக்கு ஏறிப்போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். லிஃப்ட் சாண் சாணாக நாலாம் மாடிக்கு இறங்கியது. கதவு திறந்தபோது மொத்தக் கூட்டமும் அங்கே நின்றது. முதல் தடவையாகப் படியிறங்கி வந்த த்ராக்னெவும், வேர்த்த சட்டையும் கடிக்கும் புது ஷூவுமாக நின்றார். வெல்கோவின் காலடியில் நாலு காம்பு கிடந்தது.

"நாந்தான் ஏறுனேன்" என்றான் வெல்கோ, மூச்சு வாங்க இறங்கிவந்த கென்கோவைப் பார்த்து. "எழுதிக் குடுத்தத மீறிட்டேன். பழைய பாக்கிய மொத்தமாக் கட்டிடறேண்ணே."

"எப்ப?"

கண் தானாக த்ராக்னெவ் பக்கம் போயிற்று. "எங்க முதலாளி என் மிச்சச் சம்பளத்தக் குடுக்குற அன்னைக்கு."

எல்லாத் தலையும் திரும்பியது. த்ராக்னெவ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார், சிரித்தார். பர்ஸிலிருந்து ஐம்பது லெவா நோட்டை எடுத்துக் கென்கோவின் கையில் திணித்தார்.

"ஒரு லிஃப்டுக்காக நம்ம ஆளு மானம் போகலாமா? மிச்சத்த நீங்களே வச்சுக்குங்க."

பெரிய மனசு என்றார்கள். முனகிய அதே பெண்தான் முதலில் சொன்னாள். கென்கோ முப்பத்தொரு வருடத்தில் ஒருவர் கையிலும் சில்லறை வாங்கிப் பையில் போட்டதில்லை. மிச்சம் ஆறு லெவா எண்பதைக் கட்டடத்தின் பல்புக் கணக்கில் வரவு வைத்தார். வெல்கோவின் பெயருக்கு ரசீது எழுதி, டிக்கெட் கருவியால் நறுக்கென்று ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

ஸ்லாத்கா ஒரு சாக்கைத் தூக்கித் தோளில் போட்டாள். "ஏறுனதுதான் ஏறுன, என்னையும் ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்ல" என்றாள். மீதி இரண்டு மாடியையும் மூவரும் நடந்தே ஏறினார்கள். மிளகாய் சுட்டு முடிக்க இருட்டிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை சம்பளம். வழக்கம்போலப் பாதி. உறைக்குள் இருந்த சீட்டை வெல்கோ இரண்டு தடவை படித்தான். 'பிடித்தம்: முன்பணம், லிஃப்ட் வகையில், ஐம்பது.' காசாளரிடம் போய், பாக்கி நாற்பத்து மூன்று இருபதுதானே என்று கேட்டான். ஐம்பது என்றுதான் எழுதச் சொன்னார்கள் என்றாள் அவள், தலை நிமிராமல்.

மாலையில் வாசல் கதவில் புதுப் பட்டியல் ஒட்டியிருந்தது. ஆறாம் மாடி, மூன்று பேர், பாக்கி இல்லை. எட்டாம் மாடி, பூஜ்யம் பேர், பாக்கி இல்லை. லிஃப்டைப் பிடித்து நிறுத்தி, வருகிறாயா என்று யாரோ கேட்டார்கள். வெல்கோ படியில் ஏறினான்.

ஆறாம் மாடி பல்பு ஏப்ரலிலேயே போய்விட்டது. இருட்டில் விரலால் தடவித்தான் சாவித் துவாரத்தைக் கண்டுபிடிப்பான். இன்றைக்குக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே மேலே எட்டிப் பார்த்தான். கென்கோ பல்பு மாட்டுவதை எப்போதும் மேல் மாடியிலிருந்துதான் ஆரம்பிப்பார், பல்புக் கணக்கில் வந்த காசு ஒரு பல்புக்குத்தான் தேறியிருந்தது. எட்டாம் மாடியில், த்ராக்னெவின் பூட்டிய கதவுக்கு முன்னால், அது பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அங்கேயிருந்து இரண்டு மாடி கசிந்து வந்த வெளிச்சத்தில் வெல்கோ குனிந்து சாவியை நுழைத்தான்.