காவல் பெஞ்சு

உப்புத்தாளைப் பலகையில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. சபைக்கூடத்துக் கதவுக்கு வெளியே, சுவரோரப் பெஞ்சுக்கு மேலே, தேக்குப் பலகையில் ஒரு கறை. யாரோ தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய் இறங்கிக் கறுத்த இடம், இடப்பக்கம் சற்றுச் சரிந்து. எங்கள் வீட்டுச் சுவரில் அப்பா உட்காரும் இடத்திலும் இதே சரிவோடு ஒன்று உண்டு. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மேலே வந்துவிடும். அம்மா அதைத் திட்டாத நாளில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இந்த மாடி முழுக்க ஜன்னல்கள். கூடத்துக்குள் ஒன்றுகூடக் கிடையாது. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று உள்ளே சுவர் எழுப்பி, அதில் திரைச்சீலையோடு ஜன்னல்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். தரை கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் கட்டமாக இருக்கும். மேலே நீலக் கூரையில் தங்க நட்சத்திரங்கள், பாதி உதிர்ந்துவிட்டன. கிழக்கு மேடையில் தலைவர் நாற்காலி, அதன் முதுகில் செதுக்கிய ஒற்றைக் கண். எந்த மூலைக்கு நகர்ந்தாலும் அது என்னையே பார்ப்பதாகத் தோன்றும். இங்கே கூடிவந்த ரகசியச் சங்கம் கலைந்து கட்டிடம் கைமாறிவிட்டது, இனி அலுவலகம். மரவேலைகளைத் தேய்த்து மெருகேற்றும் வேலை எனக்கு.

அப்பா வியாழக்கிழமை தவறாமல் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்புவார். எங்கே என்றால், "சங்கம்." அங்கே என்ன என்றால் கல்லுளிமங்கன். சின்ன வீடுதான் என்று அம்மா முடிவுகட்டினாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் படத்துக்கு முன்னால் நின்று, "அவ சௌக்கியமா?" என்று கேட்பாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அப்பாவை நினைத்து நிம்மதியாக அழக்கூட முடிந்ததில்லை.

சாவி கொண்டுவந்த பழைய செயலாளரிடம், அந்த பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன்.

"காவலர்மா. கூட்டம் முடியற வரைக்கும் வெளியதான். உள்ள இருந்து மூணு தட்டு தட்டுவோம். எல்லாம் சரியா இருந்தா அவரும் மூணு தட்டுவாரு. கடைசியா இருந்தவரு மகா பிடிவாதம். உள்ள வந்து உக்காருங்கன்னா, எனக்கு வாசலே போதும்பாரு."

"ஒரு வியாழக்கிழமையாவது வராம இருந்திருக்காரா?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவர் வரலைன்னா கூட்டமே கிடையாதேம்மா. காவலர் இல்லாம கதவை மூடக் கூடாது."

மறுநாள் மதியம் அம்மாவை அழைத்து வந்தேன். கட்டிடத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. படியேறும்போதே, "யாரு வீடுடி இது?" என்றவள், கறையைப் பார்த்ததும் நேரே அதன் முன்னால் போய் நின்றாள். செயலாளர் சொன்னதில், அப்பா ஒரு வாரம்கூடத் தவறவில்லை என்பதை மட்டும் சொன்னேன். அம்மா விரலால் கறையைத் தொட்டு முகர்ந்தாள்.

"பாவி மனுஷா. வாசல்ல உக்காந்து இருக்கேன்னு சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க? இத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே."

அழுது முடித்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சரியாகக் கறைக்குக் கீழே, கதவோரமாக.

"இதையும் தேய்ச்சிடுவியா?"

"தேய்க்கத்தாம்மா கூலி."

விளக்கை அணைக்கக் கூடத்துக்குள் போனேன். கனத்த கதவு தானாகவே பின்னால் சாத்திக்கொண்டது. நட்சத்திரக் கூரையின் கீழ் நிற்கும்போது அப்பா பார்க்காத இடத்தில் நிற்கிறேன் என்று தோன்றியது. என்ன நினைத்தேனோ, திரும்பி வந்து கதவில் மூன்று முறை தட்டினேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வெளியிலிருந்து மூன்று தட்டு, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக.

தட்டுகிற வழக்கத்தை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை.

கதவைத் திறந்தேன். அம்மாவின் கைகள் இரண்டும் மடியில் கோத்திருந்தன. அவள் பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்து, கதவுப் பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.