எல்வுட் பென்னாக் சம்மதிக்கவில்லை

“எனக்கு இதுல சம்மதம் இல்ல” என்று சொல்லிவிட்டு எல்வுட் பென்னாக் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். முடிவை எழுதிக்கொள்ளத் தயாராக இருந்த லவினா ஹூப்ஸ் பேனாவை மூடி வைத்தாள்.

ஓஹியோவின் அந்தச் சிற்றூரில், போரையே ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். அவர்கள் கையைத் தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. ஒருவர் மனம் ஒப்பவில்லை என்றாலும் முடிவெடுக்காமல் பொறுத்திருப்பார்கள். பதினோரு வருடமாகக் கூட்டத்தை நடத்திவரும் லவினாவுக்கு அந்தப் பொறுமை அன்று கசந்தது.

வியட்நாமுக்குப் போக மாட்டேன் என்று ராணுவ முகாமை விட்டு வந்துவிட்ட டுவெய்ன் கெஸ்லர் என்ற இருபது வயதுச் சிப்பாய், கைதாகும் வரை அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்தில் தங்க இடம் கேட்டிருந்தான். யாரையும் கலக்காமல் லவினா தொலைபேசியிலேயே “வா” என்று சொல்லியிருந்தாள். அவனைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு கடிதம்கூட எழுதி, கூட்டத்தில் படித்துக் காட்டியிருந்தாள். புதன்கிழமை அவன் வந்து நிற்பான்.

“எல்லாரும் ஒரு பக்கம், எல்வுட் ஒரு பக்கம். அவன் வீட்டு மாடுகூட அவனைக் கேட்டுத்தான் கத்தும்போல” என்றாள் லவினாவின் தங்கை ஆல்மிரா, வெளியே வரும்போது.

“ராணுவத்துல சேந்து சண்டைக்குப் போய் வந்தவன் இல்லியா, அப்படித்தான் பேசுவான்” என்றாள் லவினா.

மறுநாள் காலை எல்வுட்டின் பண்ணைக்குப் போனாள். அவன் வேலிக்கம்பி இழுத்துக்கொண்டிருந்தான்.

“என்னைச் சம்மதிக்க வைக்க வந்தியா?”

“ஆமா. மறைக்க என்ன இருக்கு? போர் கூடாதுன்னு முந்நூறு வருஷமா சொல்லிட்டு வர்றோம். ஒரு பிள்ள வந்து கதவைத் தட்டும்போது இடமில்லன்னு சொல்லவா?”

எல்வுட் கையுறையைக் கழற்றினான். “அந்தக் கடிதத்துல அவன் பேரை நாலு தடவ எழுதியிருக்க. ஜெயில நினைச்சா பயமா இருக்கான்னு அவன்கிட்ட ஒரு தடவையாவது கேட்டியா?”

லவினா கைப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“கேட்டிருக்க மாட்ட. உங்களுக்கு அவன் ஒரு கொடி. ஆட்டி முடிச்சதும் சுருட்டி வச்சிருவீங்க.”

“இது அநியாயமான பேச்சு, எல்வுட்.”

“அநியாயமா? நாப்பத்தஞ்சுல நான் திரும்பி வந்த ஞாயித்துக்கிழமை முன் பெஞ்சுல உக்காந்திருந்தியே, என்ன கேட்ட, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அவனுடைய அம்மாவின் முட்டி வலியைப் பற்றிக் கேட்டிருந்தாள். அவனைச் சபையை விட்டு யாரும் விலக்கவில்லை. எல்லோரும் கைகுலுக்கினார்கள். போரைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்றே இருபத்துமூன்று வருடமாக அவள் நம்பியிருந்தாள்.

“உனக்கு அங்க என்ன நடந்துச்சு?” என்றாள்.

எல்வுட் கையுறையை வேலிக்கம்பத்தின்மேல் வைத்தான். பிறகு சொன்னான். இத்தாலியில் ஒரு பண்ணைவீடு. நிலவறைப் படியேறி ஒரு ஜெர்மானியன் வந்தான். எல்வுட் சுட்டுவிட்டான். அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தான் என்பது சுட்ட பிறகுதான் தெரிந்தது. மீசைகூட முளைக்காத முகம்.

“போனது தப்புன்னு இன்னிக்கும் என்னால சொல்ல முடியல. சரின்னும் சொல்ல முடியல. பேச ஒரு ஆளு இருந்திருந்தா போதும், லவினா.”

அவள் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

செவ்வாய் மாலை மறுபடி கூடினார்கள். கூட்டத்தைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது தன் தவறு என்று லவினா முதலில் சொன்னாள். கடிதத்தை அனுப்பப் போவதில்லை என்றும் சொன்னாள். அதன் பிறகு எல்வுட் எழுந்தான். “வரட்டும். ஆனா அவன்கூட நான்தான் தங்குவேன். ஜெயிலுக்குப் போனா மாசா மாசம் போய்ப் பாக்கணும். அதையும் எழுதிக்கோ.” லவினா எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை வந்து சேர்ந்த டுவெய்ன் ஒல்லியாக இருந்தான். ஆல்மிரா கொண்டுவந்த கோழிக்கறியைத் தொடவே இல்லை. எல்வுட் அவனைத் தன் பண்ணைக்கு அழைத்துப்போய்ப் பால் கறக்க விட்டான். திரும்பும்போது டுவெய்ன், “அந்தக் கருப்பு மாடு என்னை உதைச்சிருச்சு” என்று முறையிட்டான். அன்றுதான் சாப்பிட்டான்.

சனிக்கிழமை பிற்பகல், அவர்கள் மௌன வழிபாட்டில் இருந்தபோது டுவெய்னைக் கைதுசெய்ய இரண்டு மத்திய அரசு அதிகாரிகள் வந்தார்கள். யாரும் எழவில்லை. மூத்தவர் தொப்பியைக் கழற்றி, கதவோரம் நின்றார். டுவெய்னின் முழங்கால் ஆடுவதை லவினா பார்த்தாள். எல்வுட் அதன்மேல் கையை வைத்தான். வழக்கம்போல் கைகுலுக்கி வழிபாட்டை முடிக்க வேண்டியவள் லவினா. அரை மணி நேரம் அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் டுவெய்னே திரும்பி எல்வுட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினான். “போலாம் சார், நான் ரெடி” என்றான்.

பதினெட்டு மாதத் தண்டனை, கென்டக்கியில். போர் நிற்கவில்லை, அவனால் ஒரு துப்பாக்கியும் மௌனமாகவில்லை என்று லவினாவுக்குத் தெரியும். முதல் மாதம் எல்வுட்டின் டிரக்கில் அவளும் போனாள். அவள் கேட்கவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருக்க, எல்வுட் சொன்னான்: “ரொம்ப யோசிக்காத. சாப்பாடு எப்படின்னு கேளு, மத்தத அவனே சொல்வான்.”