மொன்டானா ரீவ்ஸின் முதுகு

ஸ்டூடியோக்கள் நிறைந்த எங்கள் ஈடன்டேலில் சினிமாக்காரர்களைப் பார்த்து யாரும் வாய் பிளப்பதில்லை. டிராமில் ஏறினால் ஒரு பக்கம் செவ்விந்தியத் தலைவன் பல் குத்திக்கொண்டிருப்பான். மறுபக்கம் நேற்றுத்தான் தூக்கில் தொங்கிய குதிரைத் திருடன் முட்டைக்கோஸ் பையோடு உட்கார்ந்திருப்பான். ஆனாலும் ஓடிஸ் பிளம் என் அடுத்த வீட்டுக்குக் குடிவந்தபோது நான் மூன்று நாள் சன்னலைவிட்டு நகரவில்லை. சுவரொட்டிகளில் அவன் பெயர் மொன்டானா ரீவ்ஸ். நடக்கப் பழகும் முன்பே சேணத்தில் ஏறியவன் என்று ஸ்டூடியோ விளம்பரம் செய்திருந்தது.

மொன்டானா மாநிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஒஹாயோவில் ஒரு செருப்புக் கடையில் பெண்களின் காலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தவன் அவன். இதை நான் தோண்டித் துருவித் தெரிந்துகொள்ளவில்லை. அவன் அம்மா எழுதிய தபால் அட்டை தவறிப்போய் என் வீட்டுப் பெட்டியில் விழுந்தது. உறையில் போடாமல் அட்டையில் எழுதினால் யார்தான் படிக்க மாட்டார்கள்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில் படங்கள் பேசுவதில்லை. நடிகன் வாயை அசைப்பான். அவன் சொன்னது இன்னது என்று அடுத்து ஓர் எழுத்துப் பலகை வரும். வாய்க்கும் பலகைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை. மாப்பிள்ளை மதியம் சாப்பிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே பெண்ணின் கையைப் பிடிப்பான். பலகையில் காதல் வழியும். யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஐடெல்லா ஃப்ரோமின் நினைவு ஒருவருக்கும் வரவில்லை.

ஐடெல்லா என் எதிர்வீட்டுத் தையற்காரி. நாலு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். பதில் சொல்ல இடுப்பில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் தொங்கும். சனிக்கிழமை மதியக் காட்சிக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். அன்றைக்கு ஓடிஸின் படம். காயம்பட்ட குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவன் விடைபெறுகிறான். ‘தோழா, நீயில்லாத பாலைவனத்தில் எனக்கென்ன வேலை?’ என்று பலகை சொல்கிறது. பியானோ வாசிப்பவளே மூக்கை உறிஞ்சுகிறாள். என் பக்கத்தில் ஐடெல்லா தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். மானம் போகிறதே என்று விலாவில் இடித்தேன். அவள் நோட்டை எடுத்து எழுதினாள்:

“இன்னொரு தடவை கடிச்சா உன் எலும்பைக் காய்ச்சிப் பசையாக்கிடுவேன், கேடுகெட்ட கழுதைன்னு சொல்றான். மிச்சத்தை எழுத மாட்டேன். நான் கல்யாணமாகாதவ.”

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. கசாப்புக் கடையில் மட்டும் சொன்னேன். அப்புறம் தேவாலயத்துக் கேக் விற்பனையில், காப்பி ஆறுவதற்குள், ஓர் ஐந்தாறு பேரிடம் சொல்லியிருப்பேன். அவர்களில் ஒருத்தி மிஸஸ் ஹார்க்னெஸ் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். நல்லொழுக்க மாதர் சங்கத்தின் தலைவி. அந்த அம்மாள் தலையில் தொப்பி வைத்திருக்கிறாளா, ஒரு பறவைப் பண்ணையை வைத்திருக்கிறாளா என்று எங்கள் தெருவில் இன்றுவரை முடிவாகவில்லை.

இரண்டே நாளில் ஸ்டூடியோ முதலாளி கிராட்ஸின் மேஜையில் சங்கத்தின் கடிதம் இருந்தது. குழந்தைகள் கைதட்டும் கதாநாயகன் திரையில் கெட்ட வார்த்தை பேசுகிறான். காது கேளாதோர் பள்ளிப் பிள்ளைகளும் படம் பார்க்கிறார்கள். இனி அவன் படம் ஓடும் கொட்டகை வாசலில் எங்கள் சங்கம் மறியலுக்கு நிற்கும். கிராட்ஸ் ஓடிஸைக் கூப்பிட்டுச் சுருக்கமாக முடித்துவிட்டார். ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு தீர்கிறது. எடுத்துக்கொண்டிருக்கும் படத்தில் அம்மாவின் கல்லறையில் மகன் அழுகிற காட்சி பாக்கி. அதை முதலில் சங்கத்துக்குப் போட்டுக் காட்டுவோம்; உதட்டைப் படிக்க அந்தத் தையற்காரியும் இருப்பாள். சுத்தமாக இருந்தால் இன்னும் மூன்று வருஷம். இல்லையென்றால் ஒஹாயோவுக்கு ரயில் தினமும் போகிறது.

அன்று மாலை ஓடிஸ் வேலியோரம் வந்து நின்றான். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“மிஸஸ் டாப்ஸ், உங்க வாய்க்குப் பூட்டு போட்டா அந்தப் பூட்டும் பேசும்.”

நான் ஒரு தட்டு பிஸ்கட் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். கோபத்திலும் பசி பசிதானே.

கல்லறையை எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த காலிமனையில்தான் போட்டிருந்தார்கள். அட்டையில் ஒரு தேவாலயம், சுண்ணாம்பில் ஒரு கல்லறைக் கல், அழுகை வருவதற்கு ஒரு வயலின்காரர். ஒத்திகையன்று துணி உலர்த்த நான் கொல்லைக்குப் போனேன். நாலு மணி நேரம் உலர்த்தினேன். ஓடிஸ் கல்லறை முன் மண்டியிட்டு, ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பைபிள் சங்கீதத்தை ஒரு பிழையில்லாமல் சொன்னான். முகம்தான் வேடிக்கை. அடுத்த வாடிக்கைக்காரியின் காலுக்குக் காத்திருக்கிறவன் முகம்.

“ஓடிஸ், செத்தது உன் அம்மாப்பா,” என்றார் டைரக்டர் ஸ்விட்சர். “தபால் இன்னும் வரலையேன்னு நிக்கிற மாதிரி நிக்காதே.”

ஏழு தடவை சொல்லிப் பார்த்தான். ஏழாவது தடவை, பக்கத்தில் கட்டியிருந்த அவன் குதிரை கொட்டாவி விட்டது. ஸ்விட்சர் அன்றைக்குக் காமிராவைத் தொடவே இல்லை. நாளைக்கும் இப்படியே இருந்தால் முதலாளியிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினார்.

நேராக ஐடெல்லா வீட்டுக்குத்தான் ஓடிஸ் போனான், கையில் ஓர் ஆப்பிள் பையோடு. எனக்கும் அந்த நேரம் பார்த்துப் பாவாடையின் ஓரம் பிரிந்திருந்தது, நானும் போனேன். அவன் அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினான். திட்டாமல் நடிக்க அவனுக்கு வராது. செருப்புக் கடைக்குள் எத்தனையோ வருஷம் சிரித்துச் சிரித்து, நல்ல வார்த்தை பேசும்போதெல்லாம் முகம் தானாகவே செத்துப்போகிறது. திட்டினால்தான் கண்ணில் தண்ணீரே வருகிறது. குதிரையென்றால் இன்னும் பயம். முப்பத்தெட்டு வயதில் இதைவிட்டால் வேறு பிழைப்பும் இல்லை.

“நான் வழக்கம்போல நடிச்சிடறேன். நீங்க மட்டும் அந்தம்மாகிட்ட, சங்கீதம் சொல்றான்னு ஒரு வரி எழுதிக் காட்டுங்க, மிஸ் ஃப்ரோம். ஒரே ஒரு வரி.”

ஐடெல்லா பையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுதினாள். நான் எட்டிப் பார்த்ததால் எனக்கும் தெரிந்தது.

“பொய் எழுத மாட்டேன். ஆனா முதுகைப் படிக்க எனக்குத் தெரியாது.”

ஓடிஸ் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு பையை அங்கேயே வைத்துவிட்டு, தொப்பியை மறந்து, ஸ்விட்சர் வீட்டுக்கு ஓடினான். ஸ்விட்சர் முதலில் சிரித்தாராம். கதாநாயகனின் முகத்தைப் பார்க்கத்தானே சனம் டிக்கெட் வாங்குகிறது, முதுகைக் காட்டினால் காசைத் திருப்பிக் கேட்பார்களே என்றாராம். ஒத்திகையின் முகத்தை நினைத்துப் பார்த்ததும் சம்மதித்துவிட்டார்.

மறுநாள் எனக்கு இன்னும் துணி உலர்த்த வேண்டியிருந்தது. ஓடிஸ் காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல்லறை முன் நின்றான். வயலின் தொடங்கியது. முதலில் பிடரி சிவந்தது. பிறகு தோள்கள் ஏறி இறங்கின. தலை மெல்லக் கவிழ்ந்தது. தொப்பியைப் பிடித்த கை அதைக் கசக்கு கசக்கென்று கசக்கியது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணிக் கவ்வியைக் கடித்துக்கொண்டு அழுதேன். வயலின் சத்தத்தில் அவன் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? வயலின்காரரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்துக் கேட்டேன்.

“எல்லாம் மிஸஸ் ஹார்க்னெஸ் பத்தித்தான்,” என்றார் அவர். “தொப்பியில ஆரம்பிச்சு அவங்க கொள்ளுப்பாட்டி வரைக்கும் போயிட்டான். எனக்கே ரெண்டு வார்த்தை புதுசு.”

சங்கத்துக்குப் படம் போட்ட நாளில் ஐடெல்லாவுக்குத் துணை என்று சொல்லி நானும் உள்ளே நுழைந்துவிட்டேன். கிராட்ஸ் சுருட்டைப் பற்றவைக்க மறந்து மென்றுகொண்டிருந்தார். ஓடிஸ் சுவரோரம் நின்றான். உட்கார மாட்டேன் என்றுவிட்டான். எனக்குக் கிடைத்த இடமோ ஐடெல்லாவுக்கும் மிஸஸ் ஹார்க்னெஸுக்கும் நடுவில். வாயில் ஒரு கொள்ளுப்பாட்டியை அடைத்துக்கொண்டு அந்த அம்மாள் பக்கத்தில் உட்காருவது எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்லறைக் காட்சி வந்தது. அந்த முதுகு திரையில் வீடளவுக்கு நின்றது. தோள் குலுங்கியது. பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். மிஸஸ் ஹார்க்னெஸின் தொப்பியிலிருந்த பறவைகளெல்லாம் ஆடத் தொடங்கின. பார்த்தால் அந்த அம்மாள்தான் அழுகிறாள். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தப் பிள்ளை அம்மாகிட்ட என்னதான் சொல்லுது?”

சொல்ல எனக்குத் தெரியும். ஒவ்வொரு வார்த்தையும் தெரியும். சுவரோரமிருந்து ஓடிஸ் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஐடெல்லாவும்தான், என் உதடு அசைந்தால் அவளுக்குத் தெரியாமல் போகாது. என் வாழ்க்கையில் அத்தனை நீளமான ஒரு நிமிஷம் வந்ததில்லை.

“எனக்கென்னம்மா தெரியும்?” என்றேன்.

விளக்குப் போட்டதும் ஐடெல்லா நோட்டை நீட்டினாள்: “கெட்ட வார்த்தை எதையும் நான் பார்க்கலை.” உண்மைதானே. மிஸஸ் ஹார்க்னெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஓடிஸின் கன்னத்தைத் தட்டி, இப்படி ஒரு மகனைப் பெற யாரோ தவம் செய்திருக்க வேண்டும் என்றாள். அவன் நல்ல வார்த்தையில் நன்றி சொன்னான். முகம் செருப்புக் கடைக்குப் போய்விட்டு வந்தது. கிராட்ஸ் அங்கேயே மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கினார். ஒவ்வொரு படத்திலும் ஒரு முதுகுக் காட்சி இருந்தாக வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டார்.

படம் வெளியான வாரம் ஓடிஸ் பத்திரிகையோடு வேலிக்கு வந்தான். அதில், மொன்டானா ரீவ்ஸ் இப்போதுதான் நடிகராகியிருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். நான் வாழ்த்துச் சொன்னேன். அவன் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

“ஆறு வருஷமா முகத்தைக் காட்டினேன், மிஸஸ் டாப்ஸ். ஒருத்தன்கூட நடிகர்னு எழுதலை.”

“அதான் இப்ப எழுதிட்டாங்களே.”

“யாரைப் பத்தி எழுதியிருக்காங்க பாருங்க,” என்று பத்திரிகையைத் திருப்பிக் காட்டினான். அரைப் பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். அதிலும் முதுகுதான்.