துலுக்கானத்தின் பகல் ஓட்டம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்தவன் ஒரு காரியத்தை ஏன் செய்கிறான் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. யுத்தம் தொடங்கிய மறு வருஷம், பூந்தமல்லியில் ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பழக்கம் என்னை ஒரு நாள் உச்சி வெயிலில் ஓட வைத்தது.

ஓடியது துலுக்கானத்தின் பின்னால். சென்னீர்குப்பம் சேரியிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரே பையன் அவன். எங்கள் வகுப்புச் சடுகுடுக் கோஷ்டிக்கு அவன்தான் உயிர். நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் பாட்டை நிறுத்தாமல் ஊர்ந்து வந்து கோட்டைத் தொட்டுவிடுவான். அவ்வளவு தம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பது வகுப்பில் யாருக்கும் தெரியாது.

ஆடி மாதம் வகுப்புகளுக்குள் சடுகுடு மேட்ச் நடக்கும். ஜெயித்த வகுப்புக்கு மைதானத்து ஓரத்தில் நிற்கும் பூவரச மரத்தின் நிழல் ஒரு வருஷத்துக்குச் சொந்தம். பகல் இடைவேளையில் அங்கேதான் சாப்பாடு, அரட்டை, புளியங்கொட்டை ஆட்டம் எல்லாம். தோற்றவர்கள் வெயிலைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். போன வருஷம் தோற்ற நாங்கள் சுவரோரமாக முழ அகல நிழலில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அவமானத்தில், ‘ஐந்தாம் பாரம் ஒரே உயிர்’ என்று கரிக்கட்டையால் வகுப்புச் சுவரில் எழுதி வைத்தோம். எழுதியவன் நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மேட்ச். நாலு நாள்தான் இருந்தது. அப்போதுதான் துலுக்கானம் தலைவலி கொடுத்தான். கொண்டுவந்த கூழைத் தனியாக உட்கார்ந்து குடிப்பான். குடித்த கையோடு பெங்களூர் ரோட்டில் ஓட்டம் பிடிப்பான். இரண்டு வாரமாக இதே கதை. இரண்டு தடவை மணி அடித்த பிறகு வந்து சேர்ந்தான். டிரில் மாஸ்டர் கங்காதரன் இரண்டாவது தடவை பிரம்பை ஓங்கவில்லை. நிதானமாகச் சொன்னார்.

“இன்னொரு வாட்டி லேட்டா வந்தேன்னு வெச்சுக்கோ, கோஷ்டிலேர்ந்து உன் பேரை அடிச்சுடுவேன்.”

துலுக்கானத்தின் முகம் சுண்டிப்போனது. அவனுக்குச் சடுகுடு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அந்தக் கோட்டுக்குள் இருக்கும்போது மட்டும்தான் அவன் சத்தமாகப் பேசி நான் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் அதற்குப் பிறகும் ஓடினான். பேர் போய்விடும் என்று தெரிந்தும் அப்படி எதற்காக ஓடுகிறான்? எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

வகுப்பில் ஆளுக்கு ஒரு ஜோசியம். கிணற்றுக்குள் முங்கி மூச்சடக்குகிறான் என்றான் ஒருவன். சாமியார் ஒருவர் மூலிகை கொடுக்கிறார் என்றான் இன்னொருவன். எங்கள் கோஷ்டித் தலைவன் நாகேந்திரன் மட்டும் பெரிய மேதாவி போலத் தலையாட்டினான்.

“ஓட்டந்தான்டா மருந்து. வெயில்ல ஓடி ஓடியே தம்மு ஏத்திகினு கீறான். நம்மகிட்ட சொல்லாம பண்றான் பாரு. நாளைக்கி நாமளும் பின்னாலயே ஓடுவோம் மச்சான்.”

எனக்கும் அது சரியென்று பட்டது. செவ்வாய்க்கிழமை பகல், சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு நானும் நாகேந்திரனும் அவன் பின்னால் ஓடினோம். நூறு கஜம் தள்ளியே போனோம். ஆடிக் காற்று புழுதியை வாரி வாயில் போட்டது. ஒரு மைல் தாண்டுவதற்குள் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தம் ஏறுகிறதா என்று பார்த்தேன். இருந்ததும் இறங்கிக்கொண்டிருந்தது.

சென்னீர்குப்பத்தில் ரோட்டை விட்டு இறங்கி, வரப்பு வழியாகச் சேரிக்குள் போனான். முதல் குடிசைக்கு முன்னால் நின்றான். ஓர் அம்மாள் பெரிய சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான். இன்னொரு சொம்பு வாங்கி அதையும் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். எங்களைப் பார்த்துவிட்டான்.

“நீங்க எங்கடா இங்க?”

நான் வந்த காரியத்தையே மறந்துவிட்டேன். என் கண்ணெல்லாம் சொம்பு மேல்தான்.

“தண்ணி குடும்மா” என்றேன்.

அந்த அம்மாள், அவன் தாய் வேம்புலியம்மாள், சொம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“நீ ஊர்ப்புள்ள சாமி. எங்கூட்ல குடிச்சேன்னு தெரிஞ்சா உங்க நைனா எங்கள உட்டு வெப்பாரா?”

நாகேந்திரன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடத் தாகமாக இருந்தது. ஆனாலும், “வேணாம்மா” என்று சொல்லிவிட்டேன். என் அப்பாவின் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

“தண்ணி குடிக்கவா இம்மாந் தூரம் ஓடியார?” என்று துலுக்கானத்தைக் கேட்டேன்.

“பின்ன? ஸ்கூல்ல பியூன் தசரதன்தான் எங்கையில தண்ணி ஊத்துவாரு. அவரு லீவுல போயி ரெண்டு வாரம் ஆவுது.”

“கிளாஸ்ல பானை கீதே.”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆளுக்கு அரையணா போட்டு வகுப்புக்கு வாங்கிய பானை அது. அதற்கு நான்தான் மானிட்டர். யார் எத்தனை தம்ளர் குடிக்கிறார்கள் என்பது கூட எனக்கு அத்துப்படி. அவன் ஒரு தடவையாவது அதன் பக்கம் வந்தானா என்று நான் யோசித்ததே இல்லை. ஊரான் விஷயமெல்லாம் துருவுகிறவனுக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை.

துலுக்கானம் சூரியனை அண்ணாந்து பார்த்தான். “நேரமாச்சு, வாங்கடா” என்று ஓடினான். எங்களோடு பேசி நின்றதில் அவனுக்கு நேரம் போயிருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் சாலையில் புள்ளியாகிவிட்டான். மணி அடித்து ஓய்வதற்குள் அவன் வகுப்புக்குள் போய்விட்டானாம். நாங்கள் கால் மணி கழித்துத் தள்ளாடிக்கொண்டு போய் ஆளுக்கு நாலு பிரம்படி வாங்கினோம்.

சாயங்காலம் வகுப்பைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். நம் பானையில் அவனும் குடிப்பது வீட்டுக்குத் தெரிந்தால் தன்னைப் பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திவிடுவார்கள் என்றான் ஒருவன். கடைசியில் நாகேந்திரன்தான் வழி கண்டுபிடித்தான்.

“வெள்ளிக்கிழம வரிக்கும் நம்ம பானைலயே குடிக்கட்டும். யாரும் வெளிய சொல்லக்கூடாது. அவன் பேரு போச்சுன்னா மரம் போச்சு.”

எல்லோரும் கை தூக்கினார்கள். பெரிய காரியம் சாதித்துவிட்டதாக எங்களுக்கு ஒரே பூரிப்பு. எனக்கும்தான். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை பகல் மணி அடித்ததும் தம்ளரில் தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். கூழைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டிருந்தான்.

“இனிமே நீ ஓட வேணாம். கிளாஸ் பானைலயே குடி. எல்லாரும் ஒத்துக்கினாங்க.”

அவன் தம்ளரைப் பார்த்தான். கையை நீட்டப் போனான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

“வெள்ளிக்கிழம மேட்சு. திங்கக்கிழமயும் குடிக்கலாமா?”

ஆமாம் என்று சொல்ல ஒரு விநாடி போதும்.

“கிளாஸை ஒரு வார்த்தை கேக்கணும்” என்றேன்.

“கேட்டுகினு வா, ஜம்பு” என்றான். குரலில் கோபமே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடினான். நான் தம்ளரோடு வகுப்பைப் பார்த்து நடந்தேன்.